வாசகர் கேள்வி பதில்: தைப் பனியில் ஹோட்டன் சமவெளி

கேள்வி: பொங்கல் கழிந்த வார இறுதியில், 63 வயதான தந்தையாரையும் பத்து வயது மகளையும் ஹோட்டன் சமவெளிக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். புல்லின்மேல் உறைபனியைக் காண வேண்டும் என்பது மகளின் ஆசை. நடையை எப்போது தொடங்குவது? குளிருக்கு எவ்வாறு ஆயத்தமாவது?
– வாசகி, ஹட்டன்

பதில்: காலை 6 மணிக்கு நுழைவாயிலில் நிற்கும்படி புறப்படுங்கள். வெயில் ஏறியதும் உறைபனி கரைந்துவிடும். தென்புறத் தாழ்நிலத்திலிருந்து சூடேறி எழும் காற்று மலைச்சரிவில் குளிர்ந்து முகிலாவதால், 800 மீற்றருக்கும் மேலான ஆழமுள்ள, 'உலக முடிவு' எனப்படும் செங்குத்துப் பாறைவிளிம்பின் காட்சியும் பெரும்பாலும் ஒன்பது, பத்து மணியளவில் மறைந்துவிடும். எனவே உலக முடிவை முதலில் பாருங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சியைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உறைபனி எல்லா நாளும் கிடைப்பதில்லை. முகிலும் காற்றும் இல்லாத இரவில், தரை தன் வெப்பத்தைத் திறந்த வானுக்கு இழக்க, கனத்த குளிர்காற்று பள்ளமான புல்வெளிகளில் தங்கும்போதே புல் வெளுக்கிறது. மரக்கூரையின் கீழ் தரை அவ்வளவாகக் குளிர்வதில்லை. ஆகவே மகளைப் புல்வெளியில் தேடச் சொல்லுங்கள். ஆனால், கட்டாயம் காணலாம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

'தைப் பனி தரையைத் துளைக்கும்' என்பதை ஹட்டன்வாசிகளுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. எனினும் ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் சுமார் 6 பாகை குறையும் என்பதால், 2,100 மீற்றர் உயரத்திலுள்ள அச்சமவெளி உங்கள் ஊரைவிடச் சுமார் 5 பாகை குளிர்ந்திருக்கும். நான் அஞ்சுவது காலைக் குளிரைவிட, வியர்வை ஊறிய பருத்திச் சட்டையோடு காற்றுவீசும் மலைவிளிம்பில் நிற்பதையே. தடித்த ஒரே உடையைவிட மெல்லிய இரண்டு, மூன்று உடைகளை அடுக்கி அணிந்து, ஏற்றத்தில் வியர்க்கும் முன்பே ஒன்றைக் கழற்றுங்கள். மகளுக்கு மாற்றுச் சட்டையும் காலுறையும் பையில் இருக்கட்டும். வெயில் குளிர்ச்சியாகத் தோன்றினாலும் அவ்வுயரத்தில் தோலைச் சுடும் என்பதால் தொப்பியும் அவசியம்.

சுற்றுப்பாதை முழுவதும் ஏறத்தாழ 9 கிலோமீற்றர்; நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம் ஆகலாம். பாசி படர்ந்த, குடை விரித்தாற்போன்ற கீன மரங்களின் கீழ் செல்லும் காட்டுப்பகுதியில் வேர்களும் ஈரக் கற்களும் வழுக்கும். பிடிப்புள்ள சப்பாத்து இல்லாமல் தந்தையாரை அழைத்துச் செல்லாதீர்கள். அந்தப் பாசியை வெறும் அழகு என்று கடந்துவிடாமல், முகிலிலிருந்து நீரைப் பிடித்து மண்ணுக்கு இறக்கி மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் ஊற்றுக்கண்களுக்கும் அது உதவுவதை மகளுக்குக் காட்டுங்கள். தந்தையாருக்கு முழங்கால் வலியிருந்தால், சுமார் 2 கிலோமீற்றரிலுள்ள சிறிய உலக முடிவோடு, வந்த வழியே திரும்புங்கள். விளிம்பருகே மகளின் கையை விடாதீர்கள். முகில் சூழ்ந்தால் பாதையை விட்டு ஓரடியும் விலகாதீர்கள்.

கேள்வி: உணவு கொண்டுசெல்லலாமா?
– அதே வாசகி

பதில்: தாராளமாக. ஆனால் பொலித்தீன் அனுமதிக்கப்படுவதில்லை. வாயிலில் பைகளைச் சோதித்து, தண்ணீர்ப் போத்தலின் மேலுறையையும் உரித்துவிடுவார்கள். ரொட்டியையும் சம்பலையும் மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள். வாகனத்தருகே மரை மான்கள் வந்து நிற்கும். அவற்றிற்கு எதையும் கொடுக்காதீர்கள். மனிதர் கையை எதிர்பார்த்துப் பழகிய மரை, கொடுத்த உணவோடு அது சுற்றப்பட்டிருந்த தாளையும் சேர்த்தே விழுங்குகிறது.