50 வயது அம்மாவுக்குப் படபடப்பு: மாதவிடாய் நிற்பதால்தானா, இதயத்தையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பாருங்கள். அம்மாவுக்கு ஒரு வருடமாகத் தீட்டு வரவில்லை, ராத்திரியில் வியர்த்துக் கொட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்" என்று அவரே சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அப்பாவுக்கு ஆபீஸில் வருடா வருடம் மாஸ்டர் செக்கப் நடந்திருக்கும். அம்மா கடைசியாக ரத்தப் பரிசோதனை செய்தது உங்களைப் பெற்றபோதாக இருக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

நான் டாக்டர் இல்லை, திருநெல்வேலிப் பக்கம் கணக்கு டீச்சர். பயமுறுத்துகிறேன் என்று சிலர் கமென்ட் போடுவார்கள். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

எனக்கு 47 வயதில் நின்றது. நம் நாட்டில் பெரும்பாலும் 46, 47ஐ ஒட்டித்தான் நிற்கிறது, வெள்ளைக்காரப் பெண்களுக்கு 51 வாக்கில். அடுத்த வருடமே இடுப்பு அப்படியே இருக்க, வயிறு மட்டும் பெருத்தது. தூக்கம் போயிற்று. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனேன். பீபி கூடப் பார்க்காமல் கால்சியம் மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். "மெனோபாஸ்மா, ரெண்டு வருஷத்துல சரியாயிடும்" என்றார். நானும் நம்பினேன்.

49இல் பல்வலி வந்தது. இடது கீழ்த்தாடையில், கடைவாய்ப் பல் பக்கம். எட்டாம் வகுப்பு இரண்டாவது மாடியில். நோட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு படி ஏறினால் பாதியில் தாடை இறுகும், தோள்பட்டைக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். கைப்பிடியைப் பிடித்து நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடும். நெஞ்சு வலிக்கவே இல்லை. கிராம்பு கடித்தேன், வாய்வு என்று ஓமத் தண்ணீர் குடித்தேன். (நாட்டு வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டில் இன்றும் சளிக்குக் கஷாயம்தான்.) மூன்று வாரம் கழித்துப் பல் டாக்டரிடம் போனேன். சின்னப் பெண். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எப்போது வலிக்கிறது என்று மறுபடி மறுபடி கேட்டாள். "டீச்சர், படி ஏறுறப்ப மட்டும் பல்லு வலிக்காது. இன்னைக்கே ஹார்ட் டாக்டரப் பாருங்க" என்றாள். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

ஈசிஜி நார்மல். அங்கேயே விட்டிருப்பார்கள், நான்தான் படி விஷயத்தைத் திரும்பச் சொன்னேன். டிரெட்மில்லில் நாலாவது நிமிடம் நிறுத்திவிட்டார்கள். ஆஞ்சியோவில் இதய ரத்தக்குழாய் ஒன்றில் 80 சதவீத அடைப்பு. அதை விரித்துப் பிடிக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்தார்கள். பீபி 150/96. கெட்ட கொலஸ்ட்ரால் எல்டிஎல் 168. 46 வயதில் எடுத்த பழைய ரிப்போர்ட் ஒன்று பீரோவில் கிடந்தது, அதில் 112.

ஏன் இப்படி ஏறியது என்று இதய டாக்டர் விளக்கினார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும்வரை ரத்தக்குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு நன்றாகச் சுரக்கும், குழாய் தேவைக்கேற்ப விரிந்து கொடுக்கும். தீட்டு நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறையக் குறையக் குழாய் விறைக்கும். கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரும். அமெரிக்காவில் 1996 முதல் பெண்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்த ஸ்வான் ஆய்வில், கடைசித் தீட்டை ஒட்டிய ஒரு வருடத்தில்தான் எல்டிஎல் சட்டென்று ஏறியதைக் கண்டிருக்கிறார்கள். அப்படியென்றால் ஹார்மோன் மாத்திரை போட்டால் போதாதா என்று கேட்டேன். அதிகச் சூட்டுக்கும் வியர்வைக்கும் டாக்டர் பார்த்துத் தரலாம், இதயத்தைக் காப்பாற்ற என்று தருவதில்லை, அடைப்பு வந்த எனக்குக் கூடவே கூடாது என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நிற்பதற்கு முந்தைய இரண்டு வருடம் எனக்குக் கட்டுக்கடங்காத உதிரப்போக்கு. எங்கள் பள்ளியில் பதினோரு டீச்சர்களுக்கு ஒரே கழிப்பறை, அதற்கும் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே நிற்க வேண்டும். அதனாலேயே காலை எட்டு முதல் மாலை நாலரை வரை தண்ணீர் குடிக்காமல் இருப்போம். மூன்று முறை எழுதிக் கொடுத்தோம், நிதி இல்லை என்றார்கள். அந்த வருடம்தான் ஆண்டு விழா மேடைக்குக் கிரானைட் போட்டார்கள். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் பெண் உடம்பு என்றால் பொறுத்துக்கொள் என்பதைத்தான் இரண்டு இடத்திலும் கேட்டேன்.

சரி, உங்கள் அம்மா விஷயம். படபடப்பு வெறும் ஹார்மோன் மாற்றமாகவே இருக்கலாம், ரத்தசோகையாகவோ தைராய்டாகவோ கூட இருக்கலாம். அதனால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, கொலஸ்ட்ரால், பீபி, ஈசிஜி எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் அவருக்குப் பீபியோ சர்க்கரையோ இருந்ததா என்று கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் பின்னாளில் இதயத்தைப் பாதிக்கும். நடக்கும்போது மூச்சு வாங்குதல், தாடை, முதுகு, கை வலி, காரணமில்லாத அசதி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து, விடாமல் இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.

என் தங்கைக்கு 38இல் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் நின்றவர்களுக்கு இதய ஆபத்து இன்னும் அதிகம் என்று அப்போது யாரும் அவளிடம் சொல்லவில்லை. இப்போது அவளுக்கு 44. போன மாதம் நானே கூட்டிக்கொண்டு போனேன். எல்டிஎல் 171. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள்.