சின்னக் குழந்தையோடு நாள் முழுக்க: சலிப்பா, நிறைவா?

அக்கா, என் மகனுக்கு இரண்டு வயது. அவன் மேல் உயிரையே வைத்திருக்கிறேன். ஆனால் உட்கார்ந்து கட்டை அடுக்கினால் பத்து நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடுகிறது. நான் நல்ல அம்மா இல்லையா?

கொட்டாவிக்கும் பாசத்துக்கும் சம்பந்தமே இல்லை. நமக்குப் புதிதாக ஏதாவது வேண்டியிருக்கிறது. அவனுக்கோ செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தால்தான் கற்க முடியும். இரண்டு பேரும் ஒரே கட்டைகளைப் பார்த்துக்கொண்டு ஒரே அளவுக்கு ரசிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே நியாயமில்லை.

நீங்கள் தனி ஆளும் இல்லை. உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளைத் துண்டு துண்டாக நினைவுபடுத்தி, ஒவ்வொன்றிலும் மனநிலை எப்படி இருந்தது என்று கேட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட நேரம் சமையலுக்கும் டிவி பார்ப்பதற்கும் கீழேதான் வந்தது.

அப்படியென்றால் பிள்ளை வளர்ப்பில் நிறைவு என்பதெல்லாம் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதானா?

இல்லவே இல்லை. அந்த ஆய்வு கேட்டது அந்தந்த நேரத்து மனநிலையை மட்டும். 2009-இல் மாத்யூ வைட், பால் டோலன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதே முறையில், 'அந்த நேரம் அர்த்தமுள்ளதாக இருந்ததா' என்கிற விதமான கேள்விகளையும் சேர்த்தார்கள். பிள்ளைகளோடு கழித்த நேரம் இன்பத்தைவிட நிறைவையே அதிகம் தந்தது. டிவியில் அது அப்படியே தலைகீழ். ஆக, மதியம் மூன்று மணிக்குச் சலித்துப்போவதும் உண்மை, 'இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்' என்று நினைப்பதும் உண்மை. ஒன்றை வைத்து இன்னொன்றைப் பொய் என்று சொல்லாதீர்கள்.

நான் அப்பா. ஆபீசில் எட்டு மணி நேரம் சலிக்காமல் வேலை பார்க்கிறேன். மகளோடு இரண்டு மணி நேரம் தனியாக இருந்தால் ஏன் இப்படிச் சோர்ந்துபோகிறேன்?

முதல் காரணம், எதையும் முழுசாகச் செய்ய முடியாது. ஒரு யோசனையைத் தொடங்கினால் பாதியில் அழுகை, அடுத்ததைத் தொடங்கினால் தண்ணீர் கொட்டும். குழந்தை நம் முழுக் கவனத்தையும் கேட்காது, நம்மை விடவும் விடாது. இந்த நிலைதான் ஆளை உருக்குகிறது.

இரண்டாவது, தனிமை. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மனிதக் குழந்தை பல கைகளில் வளரும்படிதான் நம் இனம் உருவானது என்று மானுடவியலாளர் சாரா ஹர்டி விரிவாக எழுதியிருக்கிறார். அம்மா ஒருத்தியோ அப்பா ஒருவரோ மூடிய கதவுக்குள் நாள் முழுக்கப் பார்த்துக்கொள்வது அண்மைக்கால ஏற்பாடு. அதே குழந்தையோடு, பேச ஒரு பெரியவரும் கூட இருந்தால் அந்த இரண்டு மணி நேரம் வேறு மாதிரி போகும். செய்து பாருங்கள்.

அப்புறம், போன். பாதிக் கண் போனிலும் பாதிக் கண் குழந்தை மேலும் இருந்தால் இரண்டுமே சுவைக்காது. இருபது நிமிடம் போனைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் ஒரு மூடியை எப்படித் திறக்கப் பார்க்கிறாள் என்று கவனியுங்கள். விளையாட்டில் சேர வேண்டாம், கவனித்தால் போதும். பலருக்கு ரசனை அங்கேதான் தொடங்குகிறது.

நாள் முழுக்க நாமே விளையாடிக் காட்டாவிட்டால் வளர்ச்சி பாதிக்குமா?

பாதிக்காது. உளவியலாளர் எட்வர்ட் டிரானிக்கின் ஆய்வுகளில் நன்றாக ஒட்டியிருக்கும் தாய்-சேய் ஜோடிகள்கூடப் பெரும்பாலான நேரம் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாமல், தாளம் தப்பித்தான் இருந்தார்கள். தப்பிய தாளத்தை மறுபடி சேர்த்துக்கொள்வதுதான் குழந்தைக்கு முக்கியம். பத்திரமான இடத்தில் அது தானாக விளையாடட்டும், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்.

ஒரே கதைப் புத்தகத்தைத் தினமும் படிக்கச் சொல்கிறாள். மாற்றலாமா?

அலுக்கும், தெரியும். ஆனாலும் படியுங்கள். 2011-இல் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் மூன்று வயதுக் குழந்தைகளிடம் சோதித்ததில், வெவ்வேறு கதைகளைக் கேட்டவர்களைவிட ஒரே கதைகளைத் திரும்பக் கேட்டவர்கள் புதுச் சொற்களை நன்றாகக் கற்றார்கள்.

குழந்தைக்கு நான்கு மாதம். எதிலுமே பிடிப்பில்லை. அது தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. இதுவும் சலிப்புதானா?

இல்லைம்மா, இதைச் சலிப்பு என்று ஒதுக்காதீர்கள். சலிப்பு என்றால் ஒரு நாள் ஓய்விலோ ஒரு நல்ல பேச்சிலோ விலகும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் இல்லாமல் இருந்தால் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடம் இப்போது எழுதியதையே அப்படியே சொல்லுங்கள். நல்ல சிகிச்சை இருக்கிறது, குணமாகும். உங்களுக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

வேலைக்குத் திரும்ப ஆசையாக இருக்கிறது. குழந்தையை விட்டு ஓடுகிறேனோ என்று உறுத்துகிறது.

ஓடவில்லை. உங்களுக்கு வேலையும் வேண்டும், குழந்தையும் வேண்டும். அன்பாக, நிலையாகப் பார்த்துக்கொள்ளும் ஆள் கிடைத்தால் போய்வாருங்கள். முதல் சில வாரம் அழும், அதற்குத் தயாராக இருங்கள்.