நிஸ்வா: முதலில் சந்தை, அப்புறம் கோட்டை

அன்புள்ள ஐயா,

மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். டிசம்பரில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பா பள்ளியில் வரலாறு நடத்தியவர். அவர்களை ஒமானின் பழைய நகரமான நிஸ்வாவுக்குக் கூட்டிப்போக ஆசை. ஆனால் உடன் வேலை பார்க்கிறவர்கள், "ஒரு மண் கோட்டை, ஒரு கடைத்தெரு, அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்கிறார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி வேறு. போகலாமா? பக்கத்து ஊரான மனாவில் புதிதாகத் திறந்த அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும் என்று நினைக்கிறேன். சரிதானா?

ஆர்., மஸ்கட்

அன்புள்ள ஆர்.,

அவசியம் போங்கள். அதுவும் வெள்ளிக்கிழமை போங்கள். இருட்டோடு கிளம்பினால்தான் சரிவரும். நல்ல சாலை, ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஆனால் அருங்காட்சியகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சந்தை.

வெள்ளிக்கிழமை காலையில் கோட்டைக்குக் கீழே ஆட்டுச் சந்தை கூடும். வட்டமான ஒரு பாதை. வாங்குகிறவர்கள் அதன் உள்ளேயும் வெளியேயும் நிற்பார்கள். விற்கிறவர் ஆட்டைக் கயிற்றில் பிடித்து, விலையைக் கூவிக்கொண்டே வட்டமடிப்பார். யாராவது கை காட்டினால் நிற்பார். வாங்க வந்த பெரியவர் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், முதுகெலும்பை விரலால் அழுத்திப் பார்ப்பார், மடியைத் தொட்டுப் பார்ப்பார். விலை படியவில்லை என்றால் ஆடு அடுத்த சுற்றுக்குப் போய்விடும். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் கலைந்துவிடும். இது வேடிக்கை காட்டுவதற்காக நடப்பதல்ல, மலைக் கிராமத்துக்காரர்களும் பாலைவனத்துக்காரர்களும் நிஜமாகவே வாங்கி விற்கிற இடம். கேமராவைக் கொஞ்சம் அடக்கியே வைத்திருங்கள், குறிப்பாகப் பெண்கள் பக்கம் திருப்ப வேண்டாம்.

அங்கிருந்து பேரீச்சம்பழக் கடைகளுக்கு வாருங்கள். கலாஸ், குனைசி, ஃபர்த் என்று ஒவ்வொன்றிலும் ஒன்று வாயில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அம்மாவை அங்கேயே உட்காரவைத்து, ஏலக்காய் போட்ட கஹ்வா என்னும் காபியும் கொஞ்சம் அல்வாவும் வாங்கிக் கொடுங்கள். நெய், குங்குமப்பூ, பன்னீர் எல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுகிற அல்வா அது.

பேரீச்சையைத் தின்ற கையோடு கோட்டைக்குள் போக வேண்டும் என்பதுதான் என் கட்சி. கோட்டைக்குள்ளே ஒரு பேரீச்சை அறை இருக்கிறது. தரையில் வரிசையாகச் சின்ன வாய்க்கால்கள் வெட்டியிருக்கும். அதன்மேல் பழ மூட்டைகளை மூட்டைமேல் மூட்டையாக அடுக்குவார்கள். மேல் மூட்டைகளின் பாரத்திலேயே கீழே உள்ள பழம் நசுங்கிப் பாகு கசியும். அது வாய்க்கால் வழியே ஓடிவந்து ஜாடியில் சேரும். அமைதிக் காலத்தில் அது உணவு. முற்றுகை என்றால் அதையே கொதிக்கவைத்து, கதவுக்கு மேலே விட்டிருக்கும் துளைகள் வழியாக எதிரியின் தலையில் கொட்டுவார்கள். எண்ணெயைப் போல வழிந்து ஓடிவிடாது, தோலில் ஒட்டிக்கொள்ளும். கோபுரத்துக்கு ஏறும் படிக்கட்டு குறுகலானது, திரும்பித் திரும்பிப் போகும். இடையிடையே கனத்த கதவுகள். ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று ஒருமுறை தலைக்குமேலே பாருங்கள். எதற்கு அந்தத் துளை என்று அப்பாவுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்காது.

"மண் கோட்டை" என்கிற நண்பர்களுக்கு இதையும் சொல்லுங்கள். போர்ச்சுகீசியர்கள் 1580களில் மஸ்கட் துறைமுகத்தில் கட்டிய ஜலாலி, மிரானி கோட்டைகளை நீங்கள் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். 1650இல் அவர்களை மஸ்கட்டிலிருந்து விரட்டியவர் ஒமானை ஆண்ட இமாம் சுல்தான் பின் சைஃப். நிஸ்வாவின் இந்த வட்டக் கோபுரம் அவர் கட்டியது. கட்டி முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்பார்கள். கோபுரத்தின் கீழ்ப்பகுதியில் அறைகள் கிடையாது, மண்ணும் கல்லும் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். வெளியிலிருந்து குண்டு பட்டாலும் தாங்கும், மேலே சொந்தப் பீரங்கி வெடிக்கும் அதிர்ச்சியையும் தாங்கும். உச்சியில் சுற்றிலும் 24 பீரங்கி வாய்கள், எந்தத் திசையும் விட்டுப்போகவில்லை. பீரங்கிக் காலத்துக்கென்றே யோசித்துக் கட்டிய கோட்டை. இதை எல்லாக் கோட்டையையும் போலத்தான் என்று தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மேலே ஏறினால் ஊரைச் சுற்றிப் பேரீச்சந்தோப்புகள் தெரியும். அவற்றுக்குத் தண்ணீர் ஃபலஜ் என்னும் வாய்க்கால்களில் வருகிறது. நிலத்தடி ஊற்றிலிருந்து சரிவை மட்டுமே நம்பி ஓடிவரும் நீர், மோட்டார் கிடையாது. யாருக்கு எவ்வளவு நேரம் என்று முறைவைத்துப் பாய்ச்சுகிறார்கள். அந்த நேரத்தைப் பகலில் நிழலை வைத்தும் இரவில் நட்சத்திரங்களை வைத்தும் கணக்கிட்டிருக்கிறார்கள். நிஸ்வாவின் ஃபலஜ் தாரிஸ் 2006 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அம்மாவால் கோபுரம் ஏற முடியாது, ஆனால் இதன் கரையில் கால் நனைத்து உட்காரலாம்.

மதியம் மனாவுக்குப் போங்கள். 2023இல் திறந்த அருங்காட்சியகம், பெரிய கட்டடம், வெயிலுக்கு இதம். காலையில் சந்தையையும் வாய்க்காலையும் பார்த்த கண்ணோடு போனால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருள்களை என்ன ஏது என்று கேட்கவேண்டியிருக்காது. நேராக அங்கே போகிறவர்கள் பலகையைப் படித்தே களைத்துவிடுவார்கள்.

அப்பா வரலாற்று ஆசிரியர் என்பதால் இன்னொன்று. ஒமானின் தெற்கே, சலாலா பக்கம், கோர் ரோரி என்ற பழந்துறைமுகம் இருக்கிறது. சாம்பிராணி ஏற்றுமதியான இடம். 2006இல் அங்கே தோண்டிய இத்தாலியக் குழுவுக்கு ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் தமிழ்-பிராமி எழுத்தில் 'ணந்தை கீரன்' என்று ஓர் ஆள் பெயர். கி.பி. முதலாம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். நிஸ்வாவோடு ஒரே பயணத்தில் சேர்க்க முடியாத தூரம். இரண்டு நாள் கூடுதலாக லீவு கிடைத்தால் சலாலாவுக்கும் டிக்கெட் போடுங்கள்.