பாயில் படுத்தவர் மட்டும்தானா ஏ.கே. ராய்?

கேள்வி: ஜார்க்கண்டின் தன்பாத் தொகுதி முன்னாள் எம்.பி. ஏ.கே. ராய் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மூன்று முறை எம்.எல்.ஏ., மூன்று முறை எம்.பி. ஆனாலும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எம்.பி. பென்ஷனை வாங்கவில்லை, சங்க அலுவலகத்திலேயே பாய் விரித்துப் படுத்தார் என்று இருந்தது. இப்படி ஓர் எளிமையான தலைவர் இனி வருவாரா?
- ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: செய்தியில் பொய் இல்லை. 2019 ஜூலை 21-ஆம் தேதி அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகள் பலவற்றிலும் இந்தப் பாயும் பென்ஷனும்தான் முதலில் வந்தன. எனக்கு வருத்தமே அதில்தான். ஒருவரை எளிமையானவர் என்று கும்பிட்டுவிட்டால், அவர் யாரோடு மோதினார், எதற்காக மோதினார் என்று கேட்கும் வேலை நமக்கு இல்லாமல் போய்விடுகிறது.

ராய் படித்தது வேதியியல். பார்த்தது தன்பாத் பக்கத்துச் சிந்திரியில் அரசு நிறுவனத்தில் பொறியாளர் வேலை. தொழிலாளர் போராட்டத்துக்கு ஆதரவாக நின்றதால் அந்த வேலை போனது. 1967-இல் அதே சிந்திரி அவரை பீகார் சட்டமன்றத்துக்கு அனுப்பியது (ஜார்க்கண்ட் அப்போது பீகாரில் இருந்தது). 1969, 1972 தேர்தல்களிலும் ஜெயித்தார். நெருக்கடி நிலைக் காலத்தில் சிறையில் இருந்தவர், 1977-இல் சிறையிலிருந்தபடியே தன்பாத் எம்.பி. ஆனார். 1980-இலும் 1989-இலும் மறுபடி வென்றார். பதவிக் கணக்கு இவ்வளவுதான். இனி சுரங்கத்துக்கு வருவோம்.

உருக்காலைகளுக்கு வேண்டிய உயர்தரக் கோக்கிங் நிலக்கரி இந்தியாவில் தன்பாத் பகுதியின் ஜாரியா நிலக்கரி வயலில்தான் கிடைக்கிறது. 1972-இல் கோக்கிங் கரிச் சுரங்கங்களையும் அடுத்த ஆண்டு மற்றச் சுரங்கங்களையும் அரசு நாட்டுடைமை ஆக்கியது. தொழிலாளிக்கு விடிவு என்று எல்லோரும் நினைத்தார்கள். நடந்ததைக் கேளுங்கள். பழைய முதலாளிகள் தொழிலாளிகளை அடக்கிவைக்க வளர்த்த பயில்வான்கள் எங்கும் போய்விடவில்லை. அவர்களே சங்கத் தலைவர்களானார்கள், காண்டிராக்டர்களானார்கள், வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். சம்பள நாளில் கவுண்டருக்கு வெளியே நின்று தொழிலாளியின் கையிலிருந்தே பணத்தை வாங்கிக்கொண்டார்கள். வேலைப் பதிவேட்டில் உண்மையான தொழிலாளிகள் பலரின் பெயர் காணாமல் போய், வெளியூர் ஆட்களின் பெயர் ஏறியது. இதில் அதிகம் அடிபட்டவர்கள் ஆதிவாசிகளும் பெண்களும்.

மணலையும் சொல்ல வேண்டும். நிலத்தடியில் கரியை வெட்டி எடுத்த வெற்றிடத்தை மணல் கொண்டு நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் மேலே நிலம் உட்காரும், விரிசல் வழியே காற்று உள்ளே போகும், கரி தீப்பிடிக்கும். ஜாரியாவில் 1916 முதலே நெருப்பு எரிகிறது. ஆனால் மணல் கொட்டாமலே கொட்டியதாகப் பில் போட்டுப் பணம் எடுப்பது அங்கே ஒரு தொழிலாகவே இருந்தது. அந்தப் பணத்தில்தான் அடியாட்களும் தேர்தல் செலவும். அதே பகுதியில், 1975 டிசம்பர் 27 அன்று சாஸ்னாலா சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 370 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பாதுகாப்பு விதிகளைக் காகிதத்தில் மட்டும் வைத்திருந்தால் யார் உயிர் போகும் என்று அந்த ஊருக்குத் தெரியும்.

ராயின் பிகார் கோலியரி காம்கார் யூனியன் இந்தக் கூட்டத்துக்கு எதிராகத்தான் நின்றது. காண்டிராக்ட் தொழிலாளியை நிரந்தரமாக்கு, நீக்கியவர்களைத் திரும்பச் சேர், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவனுக்கு வேலை கொடு என்று கேட்டது. தன்பாதில் சங்கத் தலைவர் என்றால் காண்டிராக்டில் பங்கு, லாரியில் பங்கு என்று ஆகிவிட்ட காலம் அது. அங்கே ஒரு தலைவர் பத்து ரூபாய் வாங்கினாலும், சம்பள கவுண்டருக்கு வெளியே நிற்கும் பயில்வானுக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியாது. பாயில் படுத்ததற்கும் பென்ஷனை மறுத்ததற்கும் அர்த்தம் இங்கேதான் இருக்கிறது. பணத்தால் ஆட்டிவைக்கும் ஊரில் தன்னை யாரும் பிடிக்க முடியாதபடி வைத்துக்கொண்டார். எம்.பி.க்களுக்குச் சம்பளமும் பென்ஷனும் கூட்டியபோது மக்களவையிலேயே எதிர்த்துப் பேசியதும் அதே கணக்குதான்.

அவருடைய பெரிய யோசனை இன்னொன்று. மார்க்சிஸ்ட் கட்சியோடு முரண்பட்டு வெளியே வந்து மார்க்சிஸ்ட் ஒருங்கிணைப்புக் குழுவைத் தொடங்கினார். வினோத் பிகாரி மகதோ, சிபு சோரன் ஆகியோரோடு சேர்ந்து தனி மாநிலம் கேட்ட ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா கட்சியை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. சிவப்பும் பச்சையும் சேர வேண்டும் என்றார். சிவப்பு சுரங்கத் தொழிலாளி, பச்சை நிலத்தை இழந்த ஆதிவாசி விவசாயி. ராஜ்ஷாஹியில் பிறந்த ஒரு வங்காளி ஜார்க்கண்ட் தனி மாநிலம் கேட்டார் என்பதை யோசித்துப் பாருங்கள். மண்ணின் மக்களையும் வெளியிலிருந்து வந்த கூலிகளையும் மோதவிட்டுத்தான் இந்தப் பயில்வான், காண்டிராக்டர் மாஃபியா பிழைத்தது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அந்தக் கூட்டணி நீடிக்கவில்லை. மோர்ச்சா வேறு வழியில் போனது. என் பார்வையில் அவருடைய மிகப் பெரிய தோல்வி 1991-இல் எம்.பி. தேர்தலில் தோற்றது அல்ல, இதுதான்.

இந்த அரசியலுக்கு ஆபத்து இருந்தது. அவருடைய தோழர், நிர்சா எம்.எல்.ஏ. குருதாஸ் சட்டர்ஜி 2000 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார். உங்களுக்கு வந்த செய்தியில் அவர் பெயர் இருந்ததா?

சரி, இப்படி ஒருவர் இனி வருவாரா என்று கேட்டீர்கள். ராயின் கட்சியான மார்க்சிஸ்ட் ஒருங்கிணைப்புக் குழு 2024-இல் சிபிஐ (எம்.எல்.) லிபரேஷன் என்ற இன்னொரு கம்யூனிஸ்ட் கட்சியோடு இணைந்தது. அந்த ஆண்டு நவம்பர் ஜார்க்கண்ட் சட்டமன்றத் தேர்தலில் சிந்திரி, நிர்சா இரண்டும் அவர்கள் கைக்கு வந்தன. நிர்சாவில் ஜெயித்தவர் குருதாஸின் மகன். அவர்கள் பாயில் படுக்கிறார்களா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. ஜாரியாவில் இன்று திறந்தவெளிச் சுரங்க வேலையில் பெரும்பகுதி தனியார் காண்டிராக்டர்களிடம் இருக்கிறது. அங்கே மண் அள்ளும் தொழிலாளிக்கு நிரந்தர வேலையும் நியாயமான கூலியும் கேட்டு யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். நீங்களும் அதையே கேளுங்கள்.