கேளுங்க அண்ணாச்சி: ஆனி ஆடிக் காத்துல சாரம் நிக்குமா?

கேள்வி: அண்ணாச்சி, கீழ்வீட்டு மேல ஒரு மாடி எடுக்கோம். கொத்தனாரு சவுக்குக் கம்புல சாரம் கட்டுனா போதும்ங்காரு, எங்க மச்சான் இரும்பு பைப்தான் சேஃப்டிங்கான். காத்து சீசன் வேற வந்துட்டு. யாரு சொல்லுறத கேக்க?
- பணகுடி வாசகர்

பதில்: தம்பி, கம்பா பைப்பாங்கிறத அப்புறம் பேசுவோம். நான் இருபது வருசம் சைட்டுல நின்னு பாத்த வரைக்கும் செங்கல் பாரம் தாங்காம நொறுங்கி விழுந்த சாரம் ரொம்பக் கம்மி, பக்கவாட்டுல ஆடி ஆடி சரிஞ்சதுதான் அதிகம். அதனால முதல்ல குறுக்குக் கட்டும் சுவர்ப் பிடிப்பும் இருக்கான்னு பாருங்க.

உங்க ஊருக்கு இது ரெண்டு மடங்கு முக்கியம், ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வர்ற காத்த நம்பித்தானே முப்பந்தல்ல அத்தன காத்தாடி நட்டுருக்கான். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்துல அடிக்கிற காத்து ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிலோ தள்ளும். தூசி பறக்குதேன்னு சாரத்துல 20 அடிக்கு 10 அடி தார்ப்பாய கட்டி விட்டீங்கன்னா 400 கிலோவுக்கு மேல சைடுல இருந்து தள்ளுற மாதிரி, அதுவும் விட்டு விட்டு. வேகம் பாதியா இருந்தா தள்ளு கால்வாசியாயிரும், ஆனா ஆடி மாசத்துல அத எதிர்பாக்கக் கூடாது. தார்ப்பாய் வேண்டவே வேண்டாம்.

இப்ப கம்பு விஷயம். ஒரு ஈர்க்குச்சிய எடுத்து நட்டமா நிறுத்தி மேல விரல வச்சு அமுக்கிப் பாருங்க, லேசா அமுக்கினாலே வில்லு மாதிரி வளையும், அதையே பாதியா ஒடிச்சு அமுக்குங்க, விரல் வலிக்கும் குச்சி வளையாது. பிடிப்பில்லாத நீளம் பாதியானா தாங்குற பலம் 4 மடங்கு, இது சவுக்குக்கும் ஒண்ணுதான் பைப்புக்கும் ஒண்ணுதான். அதனாலதான் 4, 5 அடிக்கு ஒரு படுக்கைக் கம்பு கட்டச் சொல்லுதோம். நேர்க்கம்பு 6ல இருந்து 8 அடிக்கு ஒண்ணு. இது ரெண்டும் ஒழுங்கா இருந்தாலும் மூலைக்கு மூலை சாய்ச்சு ஒரு குறுக்குக் கம்பு போடலைன்னா மொத்தமும் ஒரு பக்கமா படுத்துரும், நாலு குச்சிய சதுரமா கட்டி ஒரு மூலைய தள்ளிப் பாத்தா புரியும்.

ஒரு தடவ பாளையங்கோட்டை பக்கம் ஒரு வேலையில, பூச்சுக்கு இடைஞ்சலா இருக்குன்னு சுவத்துல கட்டியிருந்த பிடிப்புக் கயித்த கையாள் ஒருத்தன் அவுத்துட்டான், பூசி முடிச்சதும் திரும்பக் கட்டலாம்னு நெனச்சிருக்கான், யாரும் கட்டல, நானும் பாக்கல. சாயங்காலம் காத்து எடுத்ததும் சாரம் சுவத்த விட்டு ஒரு சாண் விலகி நின்னுச்சு. மேல நின்ன கொத்தனாரு ஜன்னல் வழியா உள்ள குதிச்சு தப்பிச்சாரு. அதுக்கப்புறம் காலையில டீ குடிக்க முன்னாடி ஒவ்வொரு முடிச்சையும் கைய வச்சு இழுத்துப் பாக்காம நான் ஒருத்தரயும் ஏற விட்டதில்ல.

இன்னொண்ணு, அடி. கம்பு நிக்கிற இடம் அநேகமா அஸ்திவாரத்துக்குத் தோண்டி மூடின மண்ணாத்தான் இருக்கும், வெளிய கெட்டியா தெரியும், ஒரு மழைக்கு ஒரு கால் மட்டும் இறங்கிரும். கீழ அகலமான பலகை போட்டு அது மேல நிறுத்தச் சொல்லுங்க. உடைஞ்ச செங்கல்ல முட்டுக் குடுக்க விடாதீங்க.

உங்க கேள்விக்கு வாரேன். கீழ்வீட்டுச் சுவரு ஏற்கெனவே பூசினது, அதுல ஓட்டை போட்டு பலகை தாங்குற கம்ப சொருகுற ஒத்தைச் சாரம் ஆகாது, ரெண்டு வரிசை கம்பு வச்ச ரெட்டைச் சாரம்தான் வேணும். அத பைப்லயே கட்டுங்க, கிளாம்ப் டைட்டா இருக்கான்னு ஸ்பேனர வச்சு பாத்துக்கலாம், கயிறு வெயில்லயும் மழையிலயும் இத்துப் போறது கண்ணுக்குத் தெரியாது. வாடகை கூடத்தான் ஆகும். ஆனா மச்சான் கிட்ட சொல்லுங்க, குறுக்குக் கட்டு இல்லாத பைப் சாரத்த விட நல்லா கட்டின சவுக்குச் சாரம் எவ்வளவோ மேல். பலகைக்கு மேல இடுப்பு உயரத்துல ஒரு கைப்பிடிக் கம்பு கண்டிப்பா வேணும்.

கேள்வி: தென்காசி கோபுரம் மாதிரி அவ்வளவு உயரத்துக்கு சவுக்குக் கம்புலயே எப்படி சாரம் கட்டுதாவ?
- கடையம் வாசகி

பதில்: தாயி, கோபுரம் மேல போகப் போக குறுகுது இல்லையா, சாரமும் அப்படியே கீழ அகலமா மேல ஒடுங்கி படிப்படியா ஏறுது, அடி அகலம்தான் அத சாய விடாம வைக்குது. கம்புக்குக் கம்பு ஒண்ணு மேல ஒண்ணு முட்ட வைக்க மாட்டாவ, பக்கத்துல பக்கத்துல நல்ல நீளத்துக்கு ஒட்ட வச்சு ரெண்டு மூணு இடத்துல கட்டுவாவ. சுதைச் சிற்பத்துல கம்பு சாயாம கட்டணும், அதுதான் பெரிய வித்தை.