அந்த இருமலைப் பற்றி முதலில் பேசுவோம்

கேள்வி: எனக்கு ஊர் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் உள்ள மயிலாடி. சென்னையில் வேலை. வாரக் கடைசியில் ஓவியக் கண்காட்சி, சோழமண்டலம் ஓவியர் கிராமம், எழும்பூர் அருங்காட்சியகத்து வெண்கலச் சிலைகள் என்று சுற்றுவேன். மாமல்லபுரம் போனால் உளித்தடங்களைப் பார்த்தபடி மணிக்கணக்கில் நிற்பேன். ஆனாலும் திங்கட்கிழமை விடிந்தால் மனம் வெறிச்சோடிவிடுகிறது. போன மாதம் தோழிகளுடன் கன்னியாகுமரிக்கு வந்தேன். வீட்டில் வசதி போதாது என்று விடுதியில் தங்கினோம். வள்ளுவர் சிலைக்குக் கீழே நிறையப் படங்கள் எடுத்தோம். கல்தச்சரான அப்பா பஸ் ஏறி வந்து நேந்திரங்காய் வற்றல் கொடுத்துவிட்டுப் போனார். இருமிக்கொண்டே இருந்ததால் மாடிக்கு அழைக்கவில்லை. அந்தப் பயணமும் மனத்தில் ஒட்டவில்லை. அடுத்து ஹம்பிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். இந்த வெறுமை எப்போது தீரும்?

பதில்: மகளே, நகரம் வெறுமையாக இருக்கிறது என்று எழுதாத பிள்ளைகள் குறைவு. அதற்கு நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. நீ அனுப்பியது நான்கு பக்கக் கடிதம். அதில் அப்பாவுக்குக் கிடைத்தது இரண்டே வரி. எனக்கு அந்த இரண்டு வரியைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

கல் வேலை செய்கிறவரின் இருமலைச் சளி என்று விட்டுவிட முடியாது. கருங்கல்லில் சிலிக்கா உண்டு. உளி பட்டுத் தெறிக்கும் சில்லு கண்ணுக்குத் தெரியும். கட்டரும் கிரைண்டரும் கிளப்பும் நுண்தூசி தெரியாது. அது மூச்சோடு போய் நுரையீரலில் தங்கிவிடும். அதனால் வரும் நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். கெட்ட நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. மேற்கொண்டு தூசி போகாமல் காப்பதுதான் வழி. காசநோயும் இந்த நோய் வந்தவர்களை எளிதில் பிடிக்கும். உன் அப்பாவுக்கு இருப்பது இதுதான் என்று நான் சொல்லவில்லை, அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் எத்தனை நாளாக இருமுகிறார் என்று நீ கேட்டாயா? கேட்டதாக நான்கு பக்கத்தில் எங்கும் இல்லை. தோழிகள் முகம் சுளிப்பார்களோ என்ற கவலை மட்டும் இருக்கிறது.

2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடிச் சிலைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள். அது முழுக்கக் கல்லால் ஆனது. அதே கல் தொழிலைச் செய்து உன்னைப் படிக்கவைத்தவர் விடுதி வரவேற்பறையில் வற்றல் பொட்டலத்தோடு நின்றார். அவர் யார், என்ன செய்கிறார் என்று தோழிகளிடம் சொன்னாயா? பெற்றவரைக் கீழே நிறுத்திவிட்டு மேலே என்ன கலையைப் பேசினீர்கள்? வசதி போதாது என்பதையும் நான் ஒப்பமாட்டேன். பாய் விரித்துப் படுக்க மனமில்லாத தோழிகளுக்காக நீ பிறந்த வீட்டை மறைக்க வேண்டியதில்லை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் நாகர்கோவிலில் இறங்கி, நேரே வீட்டுக்குப் போ. இரண்டு நாளும் அங்கேயே இரு. மாமல்லபுரத்தில் நின்று பார்த்தாயே, அந்தத் தடம் எந்த உளியால் விழும், உளியை எப்படிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேள். கையில் எடுத்தே காட்டுவார். உன் கண்காட்சி அரங்குகளில் அதைக் காட்டத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்து அவரை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போ. "வேலை கிடக்கிறது" என்பார், விடாதே. எத்தனை வருடமாகக் கல் வேலை, கட்டர் பிடித்தது எப்போதிருந்து என்பதை மருத்துவரிடம் நீயே சொல், அவர் சொல்லமாட்டார். நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை இரண்டும் எடுக்கச் சொல்லிக் கேள். பட்டறையில் தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும். மூக்கைச் சுற்றிக் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. என்95 முகக்கவசம் வேண்டும்.

ஹம்பி டிக்கெட்டை ரத்து செய். திரும்பி வரும் பணத்தில் முகக்கவசம் வாங்கிக்கொண்டு போ, பட்டறையில் அவரோடு வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்து. எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.