முகாமில் ‘ஏஎஃப் இருக்கலாம்’, வீட்டில் ‘நார்மல்’: அம்மாவுக்கு எதை நம்புவது?

மருத்துவ முகாமில் அம்மாவுக்கு எடுத்த கையடக்க இசிஜி ‘ஏஎஃப் இருக்கலாம்’ என்றது, வீட்டில் எடுத்தபோது ‘நார்மல்’ என்று வந்தது, எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். ஏஎஃப் (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்) என்பது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது. வீட்டில் நார்மல் என்று வந்துவிட்டதால் முகாமில் காட்டியது ரத்தாகிவிடாது. இந்தத் துடிப்புக் கோளாறு பலருக்கு வந்து வந்து போகும். ஸ்வீடனில் 75, 76 வயதினருக்கு நடத்திய ஸ்ட்ரோக்ஸ்டாப் ஆய்வில் தினம் இருமுறை வீதம் 2 வாரம் பதிய வைத்தது இதற்காகத்தான். புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முதல் பதிவில் சிக்கவில்லை.

ஆனால் கருவியும் ஏமாறும். அம்மாவுக்குக் கை நடுக்கம் உண்டு என்கிறீர்களே, என் சந்தேகம் அதன்மேல்தான். நடுங்கினால் கோடு கிறுக்கலாகி, சின்ன பி அலை (மேலறைத் துடிப்பைக் காட்டும் மேடு) தெரியாமல் போய்விடும்; ஏஎஃப்பிலும் அது தெரியாது என்பதால் கருவி குழம்பிவிடும்.

இப்படி எடுத்துப் பாருங்கள்: விரல்களை ஈரத்துணியால் லேசாகத் துடைத்து, முழங்கைகளை மேசையில் ஊன்றி, பேசாமல் 30 விநாடி. காலையிலும் இரவிலும். அப்புறம் முகாமில் எடுத்த பதிவையும் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் இதய மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கோட்டைத்தான் பார்ப்பார், கருவி எழுதிய வாசகத்தை அல்ல.

அதுவரை ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம். வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம்; பதிவெல்லாம் கிடக்கட்டும், உடனே மருத்துவமனை.